மாப்பிள்ளையின் கிளாரினெட்

"நாலு நிமிஷம்" என்று கடிகாரத்தைப் பார்த்தபடியே சொன்னார் ரெகார்டு கம்பெனித் துரை.

லக்ஷ்மிநாராயணன் நிமிரவில்லை. ஜன்னலடியில் மண்டியிட்டு, ஒரு கருப்பு மரத்துண்டை இடது கையில் இறுக்கிப் பிடித்து, அதன் உள்வாயை மெல்லிய கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தான். கட்டைவிரல் நீளம்தான் இருக்கும் அந்தத் துண்டு. கிளாரினெட்டின் மௌத்பீஸுக்கும் உடம்புக்கும் நடுவில் செருகுகிற பாரல் அது. நேற்றுச் சாயங்காலம் சொன்னபடி கேட்டது. இன்று காலை பொருந்த மாட்டேன் என்று அடம்பிடித்தது. இரவு முழுக்கப் பெய்த மழையில் மரம் ஈரம் குடித்து உப்பியிருந்தது.

கல்கத்தா, தர்மதலாவில் மூன்றாம் மாடி. அறை நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு தகரப் புனல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதன் வால் ஒரு மரத் தடுப்புக்குள் போய் மறைந்தது. தடுப்புக்குப் பின்னால்தான் துரையின் மெஷின். சூட்டு அலமாரியிலிருந்து எடுத்த மெழுகுத் தட்டு மெஷின்மேல் ஏறிவிட்டது. வெதுவெதுப்பு ஆறுவதற்குள் ஊசி அதில் கீற வேண்டும். ஆறிவிட்டால் தட்டு வீண். அலமாரியில் மிச்சம் இருப்பது இன்னும் ஒரே ஒரு தட்டு. மத்தியானம் துரை மெஷினை மூட்டைகட்டிக்கொண்டு ரங்கூனுக்குக் கப்பல் ஏறுகிறார்.

புனலுக்கு எதிரே, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான் ராஜாராமன். லக்ஷ்மிநாராயணனின் தங்கை புருஷன். கையில் பாரல் இல்லாத கிளாரினெட், தலை இல்லாத உடம்பு மாதிரி. அவன் திரும்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹார்மோனியக்கார பாபுவிடம் வங்காளியில் சொன்னான்:

"முடியுமா முடியாதா என்று அவரைக் கேளுங்கள்."

பாபு விழித்தார். இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டு முழம்கூட இல்லை. "அவருக்கே வங்காளி தெரியுமே மொஷாய். நான் எதற்கு நடுவில்?"

"நீங்களே கேளுங்கள்."

"முடியுமா என்று கேட்கிறார்."

"முடியும் என்று சொல்லுங்கள்" என்றான் லக்ஷ்மிநாராயணன், கத்தியை எடுக்காமல்.

"முடியுமாம்" என்றார் பாபு. பிறகு துரையைப் பார்த்து, யாருக்குப் பைத்தியம் என்று தெரியவில்லை என்கிற மாதிரி கையை விரித்தார்.

பைத்தியம் இல்லை. மாப்பிள்ளை முறுக்கு. வயது நாலு.

நாலு வருஷத்துக்கு முன்னால், பவானிபூரில், ஜலஜாவின் கல்யாணத்து மூன்றாம் நாள் சாயங்காலம். மாப்பிள்ளை கிளாரினெட் ஊதுவார் என்று கேள்விப்பட்டு, பெண்டுகள் எல்லாம் வற்புறுத்தினார்கள். கல்கத்தா க்ளைவ் தெருவில் குமாஸ்தா வேலை, சாயங்காலங்களில் தியேட்டர் கச்சேரியில் வாத்தியம். வைதிகக் குடும்பத்துப் பையன் எச்சில் குழலை வாயில் வைக்கிறானே என்று ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். ராஜாராமன் அதைக் கவனிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு ஊதினான். முடித்ததும் ஒரு விநாடி நிசப்தம். அந்த நிசப்தத்தில் பெண்ணின் அண்ணா, சந்தனத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"மாப்பிள்ளை ஊதறதெல்லாம் நன்னாத்தான் இருக்கு. நாதத்தைத்தான் காணோம். வெறும் காத்து வரது."

பந்தலே சிரித்தது. ராஜாராமன் சிரிக்கவில்லை. கிளாரினெட்டைத் துண்டு துண்டாகக் கழற்றினான், பெட்டியில் வைத்தான், மூடினான். அன்றைக்கு லக்ஷ்மிநாராயணனோடு நிறுத்திய பேச்சு நிறுத்தியதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால் இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். கீழே லக்ஷ்மிநாராயணன், மனைவியை இழந்தவன். மாடியில் தங்கையும் மாப்பிள்ளையும். சாப்பாடு மூன்று பேருக்கும் மாடியில்தான். இரண்டு இலை எதிரெதிரே. நடுவில் ஜலஜா.

"உங்கண்ணாவைக் கேளு, மோர் வேணுமான்னு."

"போதும்னு சொல்லு ஜலஜா."

"ரெண்டு பேரும் என்னைத் தந்திக் கம்பியாப் பண்ணி வெச்சிருக்கேள்" என்பாள் அவள். "ஒருநாள் இல்லாட்டா ஒருநாள் நான் அறுந்து விழப்போறேன். அப்புறம் பட்டினி கிடங்கோ."

லக்ஷ்மிநாராயணனுக்குக் கிடர்பூர் கப்பல் பட்டறையில் வரைபட ஆபீஸில் வேலை. நூலிழையை மூன்றாகப் பிளந்து அளப்பது அவன் தொழில். கல்யாணமாகி ஆறு மாதம் கழித்து, மாப்பிள்ளையின் கிளாரினெட்டில் காற்று கசிகிறது என்று ஜலஜா மூலமாகத் தெரிந்தபோது, அவனே வாங்கிப் பார்த்தான். மூடிகளுக்கு அடியில் இருந்த தோல் வில்லைகள் மக்கிப்போயிருந்தன. மாற்றிக் கொடுத்தான். அன்று சாயங்காலம் மாடியிலிருந்து வந்த நாதத்தைக் கேட்டு, கையில் எடுத்த தீர்த்தத்தைக் குடிக்க மறந்து உட்கார்ந்துவிட்டான். கல்யாணப் பந்தலில் கேட்டது மாப்பிள்ளையின் குறை இல்லை. கசிந்த வாத்தியத்தின் குறை.

ஜலஜா இறங்கி வந்து சொன்னாள்: "'உங்கண்ணாவுக்குக் கை இருக்கு, வாய்தான் சரியில்லை'ன்னு சொல்லச் சொன்னார்."

மன்னிப்பு இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கிளாரினெட்டை வேறு யாரும் தொட ராஜாராமன் விடவில்லை. லக்ஷ்மிநாராயணனும் காத்திருந்தான். நேருக்கு நேர் ஒரு வார்த்தை. "ஓய்" என்றாவது ஒரு வார்த்தை. அதற்காக எத்தனை ராவு ராவச் சொன்னாலும் ராவுவதற்கு அவன் தயார்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் அவன் செய்ததில்லை. அந்தக் கிளாரினெட்டை அவன் ஒருமுறைகூட வாயில் வைத்ததில்லை. இன்னொருத்தர் எச்சில். மௌத்பீஸை ஈரத்துண்டால் பிடிப்பான், வேலை முடிந்ததும் குளிப்பான். கசிவு பார்க்கச் சைக்கிள் பம்பைப் பொருத்தி அடிப்பான். நாதம் எப்படி என்று தெரிய வேண்டுமானால் மாடியில் ஊதும்போது கீழேயிருந்து காதால் கேட்பான். அளவு, பம்பு, காது. இந்த மூன்றும் போதும் என்று நினைத்தான்.

இந்த வருஷம் ஆடி மாதம் ஜலஜா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள்.

"நாதம் மெலிசா இருக்காம் அண்ணா. இன்னும் கனமா வேணுமாம்."

"எனக்கு மெலிசாத் தெரியலையே."

"அவருக்குத் தெரியறதே."

மௌத்பீஸில் கட்டியிருக்கும் மூங்கில் நாக்கு, அதை ரீட் என்பார்கள், அதுதான் நடுங்கி நாதம் கொடுப்பது. லக்ஷ்மிநாராயணன் தடித்த ரீடாகத் தேர்ந்தெடுத்துச் சீவிக் கட்டினான். பெட்டியைத் திருப்பித் தந்தபோது அவள் கேட்டாள்:

"ஊதறதுக்குக் கஷ்டமா இருக்குமா?"

"இருக்கும். நாதம் கனமா வேணும்னா மூச்சு செலவாகத்தான் செய்யும்."

அவள் தலையாட்டிவிட்டு மாடியேறினாள். மறுநாள் சாப்பாட்டில் ராஜாராமன் எதிர் இலையிலிருந்து அவனையே முறைத்துப் பார்த்தான். 

ஆவணியில் மறுபடியும். "போறலையாம்." லக்ஷ்மிநாராயணன் மௌத்பீஸையே எடுத்துக்கொண்டான். கண்ணாடிப் பலகையில் பொடி மணலும் எண்ணெயும் இட்டு அதன் முகத்தைத் தேய்த்தான். ரீடின் நுனிக்கும் மௌத்பீஸின் நுனிக்கும் இடையே இருந்த சந்து ஒன்றரை மடங்கானது. மாடியில் நாதம் இப்போது கதவு திறந்த மாதிரி வந்தது. நடுநடுவே நின்றது. இருமல் கேட்டது. ஆபீஸ் தூசி என்றாள் ஜலஜா. மாப்பிள்ளையின் கழுத்தெலும்பு துருத்தியதை லக்ஷ்மிநாராயணனும் பார்த்தான். தியேட்டர் சாப்பாடு என்றாள்.

புரட்டாசியில் ரெகார்டு கம்பெனித் துரை தியேட்டரில் ராஜாராமன் ஊதுவதைக் கேட்டுவிட்டு, துர்கா பூஜைக்கு முந்தின வாரம் வரச் சொன்னார். அதற்கு மறுநாளே ஜலஜா பெட்டியோடு நின்றாள். அன்று அவள் கண் சிவந்திருந்தது. அடுப்புப் புகை என்று அவனாகவே நினைத்துக்கொண்டான்.

"இன்னும் கனமா வேணுமாம் அண்ணா. எத்தனை கனமாப் பண்ண முடியுமோ அத்தனை."

"ரெகார்டுக்கா?"

"ஆமாம்."

பட்டறையில் லேத் மிஸ்திரியைக் கெஞ்சி, ஒரு கருங்காலிக் கட்டையைக் கடைந்து, புதுப் பாரல் செய்தான். பழைய பாரலின் துவாரத்தைவிட இதன் துவாரம் கொஞ்சம் அகலம். நாதம் தேனாகச் சொட்டும். மூச்சையும் அதேபோல் குடிக்கும். அதைத்தான் இப்போது ஜன்னலடியில் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருக்கிறான்.

"ஒரு நிமிஷம்" என்றார் துரை.

லக்ஷ்மிநாராயணன் ஊதித் தூசியைத் தட்டி, எழுந்து, பாபுவின் கையில் கொடுத்தான். பாபு ராஜாராமன் கையில் கொடுத்தார். செருகினான். வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

துரை கையை இறக்கினார். ஊசி மெழுகைத் தொட்டது.

முதல் ஒன்றரை நிமிஷம் அந்த அறையில் யாரும் மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை. பிறகு மேல் ஸ்தாயியில் ஒரு இடம். ராஜாராமனின் தோள் ஏறியது, கழுத்து நரம்பு புடைத்தது, நாதம் நடுவில் பட்டென்று அறுந்தது. துரை மெஷினை நிறுத்தினார். தட்டைத் தூக்கி மூலையில் வைத்தார். "ஒன்றுதான் இருக்கிறது" என்றார், கோபமில்லாமல்.

ராஜாராமன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். கைக்குட்டை நனைந்துபோயிற்று. உதடு வெளுத்திருந்தது.

லக்ஷ்மிநாராயணன் சட்டைப் பையில் கையை விட்டான். பழைய பாரலைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தான். எதற்கும் இருக்கட்டும் என்று.

"பாபு, பழைய துண்டை மாட்டிக்கலாம்னு சொல்லுங்கள். கொஞ்சம் லேசாக இருக்கும். நாதம் சற்றுக் குறையும், பரவாயில்லை."

பாபு திரும்பினார். அவர் வாயைத் திறக்குமுன் பதில் வந்துவிட்டது.

"வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் பண்ணிக் கொடுத்ததையேதான் ஊதுவேன்."

கேட்டதும் லக்ஷ்மிநாராயணனுக்கு நெஞ்சு நிறைந்தது. தன் வேலையை இதைவிட யாரும் மெச்ச முடியாது என்று தோன்றியது. பழைய பாரலைப் பைக்குள் போட்டுக்கொண்டான். வற்புறுத்தவில்லை. பிற்பாடு எத்தனையோ நாள் அவன் திரும்பத் திரும்பப் போய் நின்ற இடம் அது.

கடைசித் தட்டு ஏறியது.

அந்த மூன்று நிமிஷத்தை எப்படிச் சொல்வது? கருங்காலி வழியாக வந்த ஒலி மரத்தின் ஒலியாக இல்லை, மூங்கிலின் ஒலியாகவும் இல்லை. யாரோ ரொம்ப நாள் அடக்கிவைத்திருந்ததை அவசரமில்லாமல், ஒன்று விடாமல் சொல்கிற மாதிரி இருந்தது. ஹார்மோனிய பாபு பின்தொடர்வதை விட்டுவிட்டு வெறும் ஒற்றை ஸ்வரத்தை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேல் ஸ்தாயியில் அதே இடம் வந்தது. லக்ஷ்மிநாராயணன் கண்ணை மூடிக்கொண்டான். நாதம் அறுபடவில்லை. ஏறியது, நின்றது, கனிந்து இறங்கியது.

முடிந்ததும் ஊதியவர் தம் பெயரைப் புனலுக்குள் உரக்கச் சொல்ல வேண்டும். தட்டு அச்சுக்குப் போகிற இடத்தில் இது யாருடையது என்று தெரிவதற்காக அப்படி ஒரு வழக்கம். துரை சைகை காட்டினார். ராஜாராமன் வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. மார்பு மட்டும் ஏறி இறங்கியது. மெழுகு சுற்றிக்கொண்டே இருந்தது. துரையின் விரல் காற்றில் துடித்தது.

லக்ஷ்மிநாராயணன் இரண்டே எட்டில் புனலடிக்கு வந்து கத்தினான்: "ராஜாராமன், பவானிபூர், கிளாரினெட்."

ஊசி எழுந்தது. துரை தலையாட்டினார். பாபு கையைத் தட்டப்போய், பழக்கதோஷத்தில் ஹார்மோனியத்தைத் தட்டினார்.

அப்போதுதான் ராஜாராமன் திரும்பினான். நாலு வருஷம் கழித்து, நடுவில் யாரும் இல்லாமல், நேராக மச்சினன் முகத்தைப் பார்த்தான். கண்ணில் ஒரு ஜெயித்த களை. குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"ஊதிட்டேன் ஓய். பார்த்தீரோல்லியோ?"

"பார்த்தேன் மாப்பிள்ளை" என்றான் லக்ஷ்மிநாராயணன்.   நாலு வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூடக் கைக்கு அகப்படவில்லை. "கண் குளிரப் பார்த்தேன்."

ராஜாராமன் சிரித்தான். சிரிப்பு இருமலாயிற்று. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டான். எடுத்தபோது அது சிவப்பாக இருந்தது.

குதிரைவண்டியில் தாங்கிக்கொண்டு வந்தார்கள். பவானிபூர் டாக்டர் நிவாரண் பாபு வந்தார், பனிக்கட்டி வைக்கச் சொன்னார், ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றார். பதினோரு நாள். தெருவில் பூஜைக் கொட்டு முழங்கிற்று. ஜன்னலை அடைத்துவைத்தார்கள்.

லக்ஷ்மிநாராயணன் லீவு போட்டுவிட்டுக் கட்டிலடியிலேயே உட்கார்ந்திருந்தான். பேச வேண்டியதையெல்லாம் அவனே பேசினான். "கல்யாணத்துல நான் வாய்த்துடுக்கா சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்கோ மாப்பிள்ளை. உங்க மாதிரி நாதம் இந்த ஊர்ல யாருக்கும் கிடையாது." ராஜாராமன் பதில் சொல்லவில்லை, டாக்டர் உத்தரவு. கையை மட்டும் நீட்டி மச்சினன் கைமேல் வைத்தான். அந்தக் கை லேசாக இருந்தது, ரொம்ப லேசாக. உடம்பு தேறட்டும், உட்கார்ந்து நாள் பூராப் பேசலாம் என்று லக்ஷ்மிநாராயணன் கணக்குப் போட்டான். பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு, ஜலஜா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது, அந்தக் கணக்கு முடிந்துபோயிற்று.

பத்தாம் நாள் காரியத்தில் தங்கையின் முடியை எடுக்கக் கூடாது என்று லக்ஷ்மிநாராயணன் ஒற்றைக் காலில் நின்றான். இருபத்திரண்டு வயசு. சாஸ்திரிகளோடு சண்டை பிடித்தான், உறவோடு சண்டை பிடித்தான். எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தார்கள். ஒருத்தி மட்டும் இறங்கவில்லை.

"எடுக்கட்டும் அண்ணா" என்றாள் ஜலஜா. "எனக்கு இது போறாது."

என்ன போறாது என்று அவனுக்குப் புரியவில்லை. துக்கத்தில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டான்.

காரியங்கள் முடிந்து, வந்தவர்கள் போய், வீடு காலியான அன்று மத்தியானம் லக்ஷ்மிநாராயணன் கிளாரினெட் பெட்டியைத் திறந்தான். பூஞ்சை பிடிக்காமல் எண்ணெய் தடவி வைக்கலாம் என்றுதான் எடுத்தான். துண்டுகளை ஒன்றோடொன்று பூட்டினான். மௌத்பீஸின் விளிம்பில் மாப்பிள்ளையின் பல் பதிந்த தேய்மானம் இருந்தது. முன்னைவிட ஆழமாக. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், என்ன நினைத்தானோ, தன் வாழ்நாளில் செய்யாததைச் செய்தான். எச்சில் குழலை வாயில் வைத்துக்கொண்டான்.

ஊதினான். ஒன்றும் வரவில்லை.

உதட்டை இறுக்கி, மறுபடியும் ஊதினான். உஸ்ஸென்று காற்று. ரீட் கல்லுப் போல நின்றது. மூன்றாம் தடவை அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்துத் தள்ளினான். காது அடைத்தது, கண்ணுக்குள் பூச்சி பறந்தது, ஒரு முனகல் கேட்டது, அவ்வளவுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஊதத் தெரியாதவன் என்பது வேறு. ஆனால் அவன் திடகாத்திரமானவன். ஹூக்ளி ஆற்றில் அக்கரைக்கு நீந்துகிறவன். பம்புக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. பம்புக்கு மூச்சு வாங்காது.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. வந்தது போகவில்லை. எலும்பும் தோலுமாக இருந்த மனுஷன் இதையா கேட்டு வாங்கினான்? ஒருமுறை இல்லை, மூன்று முறை?

சட்டையை மாட்டிக்கொண்டு நேரே நிவாரண் பாபுவின் டிஸ்பென்சரிக்குப் போனான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"திடீரென்று வந்ததா டாக்டர் பாபு? ரெகார்டு அன்றைக்குத்தானா?"

"திடீரென்றா? உங்களுக்குத் தெரியாதா மொஷாய்?" டாக்டர் அவனை ஆச்சரியமாகப் பார்த்தார். "ஆஷாட் மாதமே வந்தார். வலது பக்க நுரையீரலில் க்ஷயம். ஆபீஸுக்கு வேண்டுமானால் போ, அந்தக் குழலை மட்டும் தொடாதே என்றேன். தொட்டால் வருஷம் திரும்பாது என்று ஒளிக்காமல் சொன்னேன். உங்கள் தங்கையும் பக்கத்தில்தானே நின்றாள்."

ஆஷாட். நம் கணக்கில் ஆனி. முதல் தடவை பெட்டி கீழே வந்தது ஆடியில்.

திரும்பி வந்த வழி லக்ஷ்மிநாராயணனுக்கு ஞாபகமில்லை. மாடிப்படி ஞாபகமிருக்கிறது. பின்கட்டில், முக்காடு போட்டுக்கொண்டு, ஜலஜா அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"டாக்டர் ஆனியிலேயே சொன்னாராமே."

அவள் கை நின்றது. "சொன்னார்."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சத்தியம் வாங்கிண்டார். ஊருக்கெல்லாம் தெரிஞ்சாலும் உங்கண்ணாவுக்குத் தெரியக் கூடாதுன்னார். 'அன்னிக்கு நாதம் இல்லேன்னான், இன்னிக்குக் காத்தும் இல்லேன்னு சிரிப்பான்'னார்." அவள் முறத்தைப் பார்த்தே பேசினாள். "ஊதாதீங்கோன்னு கால்ல விழுந்தேன். கேக்கலை. நான் என்ன பண்ணட்டும் அண்ணா? யார்கிட்ட போகட்டும்?"

லக்ஷ்மிநாராயணன் கேட்க வேண்டியது வேறு. 

"இன்னிக்கு நான் அதை வாயில வெச்சு ஊதிப் பார்த்தேன் ஜலஜா."

அவள் நிமிர்ந்தாள். அண்ணாவா என்கிற திகைப்பு ஒரு கணம். பிறகு முகம் மெதுவாக உடைந்தது.

"எனக்கே முடியலை" என்றான். "அவர் எப்படி ஊதினார்?"

"ரோஷத்துல ஊதினார். ஒவ்வொரு தடவை நீ திருப்பிக் குடுத்ததும் மாடியில ஊதிப் பார்ப்பார். மூச்சு இரைக்கும், வியர்த்துக் கொட்டும். அப்பவாவது கீழே வெச்சிருக்கலாம். வெக்கலை. 'உங்கண்ணா வேணும்னே கெட்டியாப் பண்ணி அனுப்பறான். என்னைத் தோக்கடிக்கப் பாக்கறான். எத்தனை கெட்டியாப் பண்ணினாலும் அவன் கண்ணெதிர்ல ஊதிக் காட்டாட்டா என் பேர் ராஜாராமன் இல்லே'ம்பார்."

தெருவில் தயிர்க்காரன் கூவிக்கொண்டு போனான். 

"நான் வேணும்னா பண்ணினேன்?" என்றான் லக்ஷ்மிநாராயணன். "அவர் கேட்டதைத்தானே பண்ணினேன். மெலிசா இருக்கு, கனமா வேணும், போறலைன்னு அவர்தானே சொல்லி அனுப்பினார்? தான் கேட்டதையே நான் பண்ணிக் குடுத்தா, அதை எப்படி அவர் என் வன்மம்னு நினைப்பார்?"

ஜலஜா முறத்தை நகர்த்திவைத்தாள். பொறுக்கிய அரிசியும் பொறுக்காத அரிசியும் கலந்துபோயின.

"அண்ணா எண்ணெய் போடக் கேக்கறான்னு அவர்கிட்ட பொய் சொல்லித்தான் பெட்டியை எடுத்துண்டு வருவேன்" என்றாள். "கனமானா ஊதக் கஷ்டமா இருக்கும்னு எனக்குத் தோணித்து, நீயும் ஆமான்னே. முடியாம போனா கீழே வெச்சுடுவார்னு நினைச்சேன். உயிரோட இருப்பார்னு நினைச்சேன். அவர் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலை அண்ணா. அவருக்கு அந்த நாதத்துல ஒரு குறையும் தெரியலை. மூணு தடவையும் நானாத்தான் சொன்னேன்."